சவுண்ட் கார்டை மாற்றிய மத்தியானம்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, பேச்சுப் பதிவுகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை செய்கிறேன். கீழ் அறையில் இருக்கும் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து குரல் உரக்க எழும்பாது. சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். அதனால் கட்டிலருகே ஒரு மைக் வைத்து, அவள் கூப்பிட்டால் என் கம்ப்யூட்டரில் கேட்கும்படி செய்திருந்தேன்.

அதே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும்; என் திருத்தும் வேலை அதில்தான். ஒருநாள் மத்தியானம் அதில் சத்தம் விட்டு விட்டு வந்தது. மைக், ஹெட்போன் சத்தமெல்லாம் போய்வரும் சவுண்ட் கார்டை முழுவதுமாக லினக்ஸுக்கே கொடுத்துவிட்டால் சரியாகும் என்று படித்து, அப்படியே செய்தேன். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்தேன். கார்டு கைமாறியதும் மனைவியின் மைக்கும் செத்துப்போயிருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு லட்சுமி வந்து தோளை உலுக்கினாள். “இன்னாண்ணே, அக்கா கீழ வுழுந்து கெடக்குது, நீ காதுல மாட்டிகினு குந்தினுகீற!”

தண்ணீர் எடுக்க எழுந்தவள் விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில், “எத்தினி வாட்டி கூப்ட்டேன்” என்று மட்டும் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகும் அவளால் நிற்க முடியவில்லை.

லினக்ஸுக்கு இப்போது தனி சவுண்ட் கார்டு வாங்கியிருக்கிறேன். அவள் கைக்கருகே, கம்ப்யூட்டரோடு சம்பந்தமே இல்லாத காலிங்பெல் சுவிட்ச் இருக்கிறது. சில நேரம் எதுவும் வேண்டாமலே அழுத்திப் பார்க்கிறாள். ஓடிப்போய் எதிரில் நிற்கிறேன்.