இட்லிப் பானையில் இறகுப் பந்து

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. அதில் ஒன்றுகூட என் இட்லியைக் குறை சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால்... போன ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் நடந்ததை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேற்று பஸ்ஸில் ஒருவர் என்னைக் கைகாட்டி, "அந்தம்மாதானே இது?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். ஆமாம். அந்த அம்மாதான்.

என் மூத்த மகனுடைய மகள் வள்ளி. காலேஜில் பி.யூ.சி. படிக்கிறாள், இறகுப் பந்து ஆடுகிறாள். எங்கள் பக்கத்தில் பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்து, பொட்டலில்கூட ஆடுவார்கள். இது வேறு. தக்கையில் இறகு செருகிய பந்து. ஷட்டில் என்கிறார்கள். இதற்குக் காற்றே ஆகாது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் மண்டபத்துக்குள் ஆடுகிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நாங்களும் உள்ளே உட்கார்ந்து வேகிறோம்.

"வாத்து எறகை எதுக்குடி வடக்கேயிருந்து வரவழைக்கிறாக? விராலிமலைக்குப் போனா மயிலெறகு சும்மாவே கெடக்குமே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அப்பத்தா, நீ சும்மா இருக்கியா?" என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம்.

உலகத்துப் பெண்கள், அணி அணியாக மோதுகிற கோப்பை ஒன்று இருக்கிறதாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை. அதில் நுழைய, ஆசிய நாடுகளுக்குள் முதலில் ஒரு தகுதிப் போட்டி. அதற்குப் போகும் நம் நாட்டு அணிக்குத் தெற்கே இருந்து ஒரே ஒரு பெண்ணை எடுக்கிறார்கள். அந்த ஆட்டம்தான் போன ஞாயிறு. திருச்சியில் மண்டபம் கிடைக்காமல் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. எல்லோரும் தோற்று ஒதுங்க, கடைசியில் இரண்டு பேர் மிச்சம். ஒருத்தி கோயம்புத்தூர்ப் பெண். இன்னொருத்தி எங்கள் வள்ளி.

என் மகன் முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருந்தான். "செயிச்சாப் போயிட்டு வரட்டும் ஆத்தா. தோத்துட்டா மட்டையை மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆவுடையார்கோவில்ல நல்ல எடம் கேட்டுக்கிட்டே இருக்காக. ஆவணியில கல்யாணத்தை முடிச்சிருவோம்."

ஆக, ஒரு ஆட்டம். ஜெயித்தால் வெளிநாடு, தோற்றால் ஆவுடையார்கோவில். நான் அந்த ஊரைக் குறை சொல்லவில்லை. பெரிய கோவில், நல்ல சனங்கள். ஆனால் அங்கே இறகுப் பந்து கிடையாது.

மண்டபத்துக்கு எதிர்வீடு எங்கள் வீடு. அன்றைக்குக் காலையில் வள்ளியின் கோச் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். கையில் இருக்கும் ஷட்டில் எல்லாமே அதற்குள்தானாம்.

"அம்மா, வெயில்ல எறகு பூராவும் காஞ்சு போச்சுங்க. ஒரு அடியில ஒடிஞ்சிரும். வெந்நீர் ஆவியில லேசாக் காட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

ஆவியா? என்னிடமா கேட்கிறார்? ஐம்பது வருடமாக வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்!

"நீங்க போங்க தம்பி. நான் பாத்துக்கிறேன்."

அவர் வாசலைத் தாண்டும் வரைக்கும் "லேசா... லேசா..." என்று சொல்லிக்கொண்டே போனார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுப்பை மூட்டினேன். இட்லித் தட்டில் துணி விரித்து, குழிக்கு ஒன்றாக ஷட்டிலை உட்கார வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் தக்கை குழிக்குள் பதிந்தது! வெள்ளை வெளேரென்று இறகை விரித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த அழகைப் பார்க்க வேண்டுமே. மூடி போட்டேன்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தை, சாரு லேசாத்தானே காட்டச் சொன்னாரு? எறக்கிருங்க."

"அரைவேக்காடா எதையும் இந்த அடுப்புல இருந்து நான் எறக்குனதில்லை. நீ போயிச் சட்னியை அரை."

வேகிற நேரம் வெந்தது. மூடியைத் திறந்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தேன் — ஒட்டவில்லை. பதம்! கொஞ்ச நேரம் நிழலில் ஆற வைத்து, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தனுப்பிவிட்டு, கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

வள்ளியின் பலம் நீள அடி. எதிராளியின் தலைக்கு மேல் தூக்கி, கடைசிக் கோட்டில் கொண்டுபோய் இறக்குவாள். அன்றைக்கும் தூக்கினாள். ஷட்டில் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அவுட். மறுபடி தூக்கினாள். மறுபடி அவுட். தண்ணீர் குடித்த இறகு கனத்துவிட்டதால் வழக்கத்தைவிடத் தூரம் போகிறது என்பது எனக்கு என்ன தெரியும்? பிள்ளைக்கு இன்றைக்கு நல்ல பலம், காலையில் ஆறு இட்லி தின்றாளே என்று நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"வள்ளி, வெயிட்டு கூடியிருக்கு! கையைக் கொறச்சு அடி!" என்று கோச் கத்தினார்.

அவள் குறைக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பெண் குறைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. வள்ளி ஓங்கி ஒன்று விட்டாள் பாருங்கள் — தக்கை மட்டும் வலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. இறகெல்லாம் கொத்தாக இந்தப் பக்கமே உதிர்ந்தது! பாயிண்ட் யாருக்கு? தக்கைக்கா, இறகுக்கா? அம்பயர் நாற்காலியில் இருந்து எழுந்தே நின்றுவிட்டார். கடைசியில் அந்த அடி கணக்கில் இல்லை, திரும்ப ஆடுங்கள் என்றார்கள்.

கோச் அந்தத் தக்கையை எடுத்தார். அமுக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அம்பயர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "இந்த ஷட்டிலுக்கு ஆவி காட்டினது யாருங்க?" என்று கேட்டார்.

பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். வேறு எதற்காக அத்தனை பேருக்கு நடுவில் கேட்பார்கள்? முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். கையை உயர்த்தினேன்.

"நாந்தான் தம்பி! எல்லாம் நல்லாவே வெந்திருச்சு!"

மண்டபம் சிரித்த சிரிப்பில் அடைத்திருந்த ஜன்னல்கள் திறந்துகொள்ளாததுதான் ஆச்சரியம். வள்ளி மட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாற்று ஷட்டில் கிடையாது. வெந்ததை வைத்தே மீதி ஆட்டத்தையும் ஆடினார்கள். கடைசிப் பாயிண்டிலும் அவள் நீளமாகத்தான் தூக்கினாள். கோட்டுக்கு வெளியே விழுந்தது.

ஆட்டம் முடிந்து எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஜெயித்த பெண் நல்ல பிள்ளை. "பாட்டி, இட்லியும் ஷட்டில் மாதிரியே சாஃப்ட்டா இருக்குங்க" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். வள்ளி இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். இன்றோடு நாலு நாள் ஆகிறது. என்னோடு பேசவில்லை.

நாலு நாளாக நானும் யோசிக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. அதை நன்றாகச் செய்கிறேன் என்று ஊர் சொன்னதும், எது கையில் கிடைத்தாலும் அதையே செய்துவிடுகிறேன். மாவு வந்தாலும் மூடி போடு. இறகு வந்தாலும் மூடி போடு. ஒன்பது பிள்ளைகளையும் அப்படித்தானே வளர்த்தேன்? வெந்து, பதமாகி, எல்லாம் ஒரே மாதிரி நல்ல வட்டமாக இருக்கிறார்கள். பறக்கத்தான் ஒன்றுக்கும் தெரியாது. இவள் ஒருத்தி பறந்தாள்... அவள் பந்தையும் வேகவைத்துவிட்டேன்.

மருமகள் சொன்னதை நான் கேட்கவில்லை. கோச் சொன்னதை வள்ளி கேட்கவில்லை. அவள் யாருடைய பேத்தி என்று நான் சொல்லவா வேண்டும்?

எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுதத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். வாரா வாரம் இந்தப் பத்திரிகைக்கு எழுதி முடித்ததும் வள்ளிதான் வாசித்துக் காட்டுவாள், பிழை திருத்துவாள். பேச மாட்டேன் என்று இருக்கிறவள் இந்த வாரம் வாசிப்பாளா? பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. ஆவுடையார்கோவில்காரர்களும் இந்தப் பத்தியைப் படிப்பதாகக் கேள்வி. அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: எங்கள் வீட்டில் ஆவணியில் கல்யாணம் இல்லை. அடுத்த கோப்பை வரட்டும், வள்ளி இன்னொரு தடவை ஆடட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம். என் மகனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அச்சில் வந்துவிட்டால் அவனால் என்ன செய்ய முடியும்?

வள்ளி... இங்கிட்டு வா. இதை ஒரு தடவை வாசி. என்கூடப் பேச வேண்டாம், வாசிச்சாப் போதும். அந்தக் கல்யாணச் சேதியை மட்டும் நல்லாச் சத்தமா வாசி — உள்ள ஒங்கப்பன் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கான்.