வலப்பக்கம் மேலே மடித்த பொம்மைகள்

குழந்தைகளோடு இருப்பவர்களுக்கு வயதே ஆகாது என்று சொல்பவர்கள் குழந்தைகளோடு இருந்து பார்க்காதவர்கள். சதோமி படிப்பை முடித்த கையோடு சகாத்தா ஊரில் மழலையர் காப்பகம் ஒன்றில் டீச்சராகச் சேர்ந்தாள். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து முதுகு போயிற்று. குனிந்து குனிந்து மூக்குத் துடைத்துவிட்டதில் கழுத்தும் போயிற்று. காலையில் காப்பகத்தின் கதவைத் திறக்கும்போதே சாயங்காலம் எப்போது வரும் என்றுதான் நினைப்பாள். குழந்தைகள் மேல் பிரியம் குறைந்துவிடவில்லை. பிரியத்தைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே வேலைதான், ஆள் மட்டும் பெரியவர். மாமியார் ஷிகெனோ இடுப்பெலும்பு முறிந்து படுத்த நாளிலிருந்து அவளைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ராத்திரியில் எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் சதோமியின் தலையில் விழுந்தது. மகன், அதாவது சதோமியின் கணவன், வேலைக்காகச் செண்டாய் நகரத்தில் இருந்தான். மாதம் ஒருமுறை வருவான், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவான், மறுநாள் காலை ரயிலைப் பிடித்துவிடுவான். கண் கலங்குவதற்கு முதுகு தேவையில்லையே.

ஷிகெனோ லேசுப்பட்டவள் இல்லை. ஊரில் பாதிப் பெண்களுக்குக் கல்யாணத்தன்று கிமோனோ உடுத்திவிட்டவள் அவள்தான். அவள் கை பட்டால் கழுத்தோர மடிப்பு நாள் முழுக்க அசையாது. சதோமி மருமகளாக வந்த முதல் புத்தாண்டில், விருந்தாளிகள் வாசலில் நிற்கும்போதே அவளைத் திருப்பி நிறுத்தி, இடைப்பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "உனக்கு உடுத்தத் தெரியாது, சுத்திக்கத்தான் தெரியும்" என்று அன்றைக்குச் சொன்னதை அதன் பிறகு வருடாவருடம் சொன்னாள். சதோமியும் வருடாவருடம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

இந்த வசந்தத்தில் சதோமியால் ஒரு காலை எழுந்திருக்கவே முடியவில்லை. தரையில் தவழ்ந்துபோய்க் கணவனுக்குப் போன் செய்தாள். அவன், "உனக்கு எது சரின்னு படுதோ அப்படிச் செய்" என்றான். செர்ரி பூத்து முடிவதற்குள் ஷிகெனோ ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள்.

போன நாளிலிருந்து மருமகளிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. பணியாளர்களிடம் பேசினாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் வம்பளந்தாள், தொலைக்காட்சியில் சமையல் செய்கிறவளைக்கூடத் திட்டினாள். சதோமி ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணிகளைக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சதோமி பேசிப் பார்த்தாள், பேரிக்காய் நறுக்கிக் கொடுத்துப் பார்த்தாள். பேரிக்காய் காலியாகும், பேச்சு வராது. ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. சாகவிட்டுவிட்டு வந்தோமா என்ற எண்ணம் வண்டி ஓட்டும்போதெல்லாம் வந்து அரித்தது.

செப்டம்பரில் முதியோர் தினம் வருகிறது. அதற்கு முன்னால் காப்பகத்துப் பெரிய வகுப்புக் குழந்தைகள் அந்த இல்லத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடி, தாங்களே காகிதத்தில் மடித்த ஏதாவது ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். இந்த வருடம் என்ன மடிப்பது என்று பேச்சு வந்தது.

"நாய் மூஞ்சி பண்ணிடலாம் டீச்சர். நாலு மடிப்பு, கண்ணு மூக்கு வரைஞ்சா முடிஞ்சுது" என்றாள் உடன் வேலை பார்க்கும் ஹருகா. பள்ளிக்கூடத்து வாசனை இன்னும் போகாத பெண், நல்ல பெண்.

"போன வருஷமும் நாய்தான்."

"அப்ப பூனை. காதை மட்டும் தூக்கிவிட்டா நாயே பூனை ஆயிடும்."

"கிமோனோ பொம்மை பண்ணலாம்" என்றாள் சதோமி. "புஸ்தகத்துல அடையாளம் வைக்கிற மாதிரி, தட்டையா."

ஹருகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு இருக்கிற முதுகுக்கு இது தேவையா டீச்சர்?"

சதோமி பூப்போட்ட காகிதங்களை எண்ண ஆரம்பித்தாள். வாழ்நாள் முழுக்கக் கிமோனோ உடுத்திவிட்ட ஒருத்தியின் கையில் ஒரு கிமோனோ பொம்மை போய்ச் சேர்ந்தால் வாய் திறக்காதா என்ற ஆசையை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

பொம்மை அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. பூப்போட்ட காகிதத்தின் மேல் விளிம்பை ஒரு விரல் அகலம் பின்னால் மடித்தால் கழுத்துப் பட்டை. வெள்ளை வட்டத்தில் கறுப்புத் தாளை முடியாக ஒட்டினால் தலை. தலையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் முன்னால் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்தி, இடுப்பில் ஒரு காகிதப் பட்டை சுற்றினால் முடிந்தது. குழந்தைகளுக்கு எதிரே உட்கார்ந்து செய்துகாட்டுகிற டீச்சர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். குழந்தைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத்தான் பார்த்துச் செய்வார்கள். அதனால் டீச்சர் தன் பொம்மையை இடம் வலம் மாற்றி மடித்துக் காட்ட வேண்டும். சதோமிக்கு இது தூக்கத்தில்கூட வரும்.

அன்று வரவில்லை. முந்தின நாள் ஞாயிறு, மாமியாரின் முதுகைப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வலக்கைப் பக்கத்துக் காகிதத்தைக் கடைசியாகக் கொண்டுவந்து மேலே போர்த்தினாள், தனியாக உட்கார்ந்து மடிக்கும்போது எப்படி மடிப்பாளோ அப்படி. எதிரே இருந்த பிஞ்சுக் கைகள் அச்சுப் பிசகாமல் அதைப் பார்த்து, இடக்கைப் பக்கத்தைக் கடைசியாகப் போர்த்தின. அவள் கையில் இருந்த பொம்மை மிக அழகாக, மிகச் சரியாக இருந்தது. பிறகு அவள் சின்னக் குழந்தைகள் தூங்கும் அறைக்குப் போய்விட்டாள். குழந்தைகளின் பொம்மைகளை உறையில் போட்டு ஒட்டியவள் ஹருகா. கிமோனோவை அவள் தானாக உடுத்தியதே இல்லை, வாடகைக் கடைக்காரர்கள்தான் உடுத்திவிடுவார்கள். அவளுக்கு எதுவும் உறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை இல்லத்துக் கூடத்தில் சக்கர நாற்காலிகள் அரைவட்டமாக நின்றன. குழந்தைகள் பாடினார்கள், கையைத் தட்டித் தட்டி மெட்டைத் தொலைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு உறையோடு வரிசையாகப் போனார்கள். முதல் நாற்காலியில் இருந்த, மீன் ஏல மண்டியில் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன ஒரு கிழவர் உறையைப் பிரித்தார். பொம்மையை வெளியே எடுத்தார். அவர் முகம் ஒரு கணம் நின்றது.

சதோமியும் அப்போதுதான் பார்த்தாள். பொம்மையின் வலப்பக்கம் மேலே இருந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் அப்படி உடுத்துவதில்லை. இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது பிணத்துக்கு மட்டும்தான், பெட்டியில் வைத்து மறுவுலகப் பயணம் அனுப்புவதற்கு முன்னால்.

அடுத்த உறை, அதற்கடுத்த உறை என்று வரிசையாகப் பார்த்தாள். எல்லாம் அப்படியே. முதியோர் தினத்துக்கு, முதியோர் இல்லத்துக்கு, பிணக்கோல பொம்மைகளைக் குழந்தைகளின் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"அடடே, என்ன அழகு" என்றார் ஏல மண்டிக் கிழவர், உடைந்த குரலில். "தலைமாட்டுல வச்சுக்கிறேன் கண்ணு. பத்திரமா இருக்கும்." பக்கத்து நாற்காலிக் கிழவி தன் பொம்மையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு உள்ளங்கையால் பொம்மையின் மார்பை மூடிக்கொண்டு குழந்தைக்குக் குனிந்து நன்றி சொன்னாள். அந்தக் கூடத்தில் இருந்த முதியவர்கள் ஒருவருக்கும் அது தெரியாமல் இல்லை. ஒருவரும் சொல்லவில்லை. குழந்தைகளின் சந்தோஷம் கெடக் கூடாது என்று அத்தனை பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சதோமிக்கு அதைத் தாங்க முடியவில்லை. யாராவது கத்தித் தொலைத்திருக்கலாம்.

கடைசி நாற்காலியில் ஷிகெனோ இருந்தாள். யுசுஹா என்ற சிறுமி அவள் முன்னால் போய் நின்றுவிட்டாள். சதோமி எழுந்தாள். முதுகு பிடித்துக்கொண்டது. அவள் கூடத்தைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் உறை பிரிந்துவிட்டது.

ஷிகெனோ பொம்மையைக் கண்ணருகே கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"புடிச்சிருக்கா?" என்று கேட்டாள் யுசுஹா. "நானே மடிச்சேன். யாரும் தொடல."

"ரொம்பப் புடிச்சிருக்கு. மடிப்பு சும்மா கத்தி மாதிரி இருக்கே. யாரு சொல்லிக்குடுத்தா?"

"சதோமி டீச்சர்."

"ஓகோ" என்றாள் ஷிகெனோ.

சிறுமி இனிப்பு கொடுக்கும் பக்கம் ஓடிவிட்டாள். சதோமி நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, மன்னிச்சிடுங்க. எதிர்ல உக்காந்து மடிச்சேன். மாத்தி மடிக்கணும்னு தோணாமப் போச்சு. வேற எந்த நெனப்பும் இல்ல அத்தை. சத்தியமா இல்ல. அதைக் குடுங்க, பிரிச்சு சரிபண்ணித் தரேன்."

ஷிகெனோ கொடுக்கவில்லை. சுவர்ப் பக்கமும் திரும்பவில்லை. பொம்மையின் மார்புப் பக்கம் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். ஊருக்கே உடுத்திவிட்டுப் பழகிய விரல், வயதின் நடுக்கத்திலும் மடிப்பின் ஓரத்திலேயே போயிற்று.

"எத்தன வருஷம் உன் கழுத்து மடிப்பை நான் இழுத்துவிட்டிருப்பேன்" என்றாள். மாதக்கணக்கில் வராத குரல். எப்போதும்போலக் கறாராகத்தான் வந்தது.

"கணக்கே இல்ல அத்தை."

"இதுதான் முதல்தடவ, இழுத்துவிட வேண்டாதபடி இருக்கு."

"குழந்தை மடிச்சது அத்தை அது."

"சொல்லிக்குடுத்தது நீதானே. வாய மூடிக்கிட்டுக் கேளு." ஷிகெனோ பொம்மையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு நாள் வரும்போது, அந்தச் சவப்பெட்டிக் கடைப் பசங்கள உள்ள விடாத. கையில உறைய மாட்டிக்கிட்டு மூட்டை கட்டுற மாதிரி கட்டுவானுங்க. நான் பாத்திருக்கேன். நீ உடுத்து."

மருமகளாக வந்த நாளிலிருந்து இந்தப் பெண்மணியிடம் சதோமி ஒரே ஒரு பாராட்டுக்காகக் காத்திருந்தாள். அது இந்த உருவத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

"எனக்குத்தான் உடுத்தத் தெரியாதே அத்தை."

"தெரியாதுதான். நான் என்ன, எழுந்து வந்து அவுத்தா கட்டப்போறேன்?"

சதோமி சிரித்துவிட்டாள். சிரித்தவள் அப்படியே நாற்காலியின் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகையா களைப்பா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கூடத்தின் அந்தப் பக்கம் குழந்தைகள் இனிப்புக்குச் சண்டை போட, ஹருகா அதட்டிக்கொண்டிருந்தாள். தலைமேல் ஒரு கை வந்து, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டது.

"சரி அத்தை" என்றாள் சதோமி, தலையை நிமிர்த்தாமல். "நானே உடுத்துறேன். அவிழாம நல்லா இறுக்கிக் கட்டுறேன்."

"இறுக்காத" என்றாள் ஷிகெனோ. "ரொம்ப தூரம் நடக்கணும்."