போல்ட் அலமாரியில் நாற்பத்தைந்து சொற்கள்

பஸ் பணிமனையில் ஸ்டோர் பார்ப்பவருக்கு நாக்கு எப்போதும் இரண்டடி பின்னால்தான் வரும். கடிதம் என்றால் மட்டும் புலி. தூரதேசத்துத் தபால்காரர் ஒருவரோடு ஒன்பது வருஷமாக எஸ்பெராந்தோ என்ற உலகப் பொதுமொழியில் எழுதிக்கொண்டிருந்தார். இலக்கணப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்போது அந்த மனிதர் நேரிலேயே வருகிறார். ஞாயிற்றுக்கிழமை, ரயில் மாறும் இடைவெளியில் நான்கே மணி நேரம். இருவருக்கும் பொதுவாக வேறு மொழி கிடையாது.

யார், எங்கே, அப்போது, எதுவுமில்லை என்று நாற்பத்தைந்து சொற்கள்தான் காலை வாரின. சாப்பிடும்போதும் முணுமுணுத்தார்.

"கியே, தியே, சியே..."

"யாரப் பாத்து சீங்கறீங்க?" என்றாள் மனைவி.

"எல்லா இடத்துலயும்னு அர்த்தம்மா."

"அதான், வீடு பூரா அதே சத்தமா இருக்கு."

வெள்ளிக்கிழமை மெக்கானிக் நெட்டையன் ஸ்டோருக்குள் தலையை நீட்டினான். "அண்ணே, பத்துல நாப்பது, ஒண்ணு."

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் விட்டு போல்ட் அலமாரியின் ஓர் இழுப்பறையை இழுத்தார். பருமனுக்கு வரிசை, நீளத்துக்குக் கட்டம். ஐந்து வரிசை, வரிசைக்கு ஒன்பது அறை, மொத்தம் நாற்பத்தைந்து. கை அப்படியே நின்றது.

"போல்ட்டக் குடுங்கண்ணே."

"இருடா. இந்த அலமாரிய நான் என்னிக்காவது மனப்பாடம் பண்ணேனா?"

சாக்பீஸ் எடுத்து அறைகளின் மேல் ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்கினார். மேல்வரிசை கேள்வி, அதற்குக் 'கி'. அடுத்தது சுட்டு, 'தி'. கடைசி, இல்லை என்பதற்கு. நான்காவது கட்டம் இடம், ஏழாவது காரணம். முதல் வரிசையில் கியே, எங்கே. ஒரு படி இறங்கினால் தியே, அங்கே. அடியில் நெனியே, எங்கேயும் இல்லை. எங்கே, அங்கே, இங்கே என்று பிறந்ததிலிருந்து தமிழிலும் இப்படி அறை இழுத்துத்தான் பேசியிருக்கிறோம் என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிறன்று ரயிலிலிருந்து இறங்கிய குள்ளத் தபால்காரர் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். "கியே" மட்டும் காதில் விழுந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கை காற்றில் எழுந்தது: இரண்டாம் வரிசை, நான்காம் கட்டம், ஓர் இழு.

"தியே!"

தபால்காரர் காபிக்கடையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார். "கியால்?" என்றார். ஏன்?

அதற்குப் பதில் ரயில் நிலையத்தில் இல்லை. காபியை விட்டுவிட்டு விருந்தாளியை நேரே பணிமனைக்குக் கூட்டிப்போனார். சாக்பீஸ் எழுத்துகளை வாய்விட்டுப் படித்த தபால்காரர், தாம் கடிதம் பிரிக்கும் அடுக்கைக் காற்றில் வரைந்து காட்டினார்: வரிசைக்கு ஒரு தெரு, கட்டத்துக்கு ஒரு வீடு.

பிறகு ஆளுக்கொரு அறையாக இழுத்து இழுத்துப் பேசினார்கள். ரயிலுக்கு நேரமானபோது அலமாரியில் ஓர் அறைகூட மூடியிருக்கவில்லை.