ஜோயா சொன்ன சரியான விடை

ஆம்பூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை நான். பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றி வருவதால்தான் பருவங்கள் மாறுகின்றன என்று, ஒரு பந்தை விளக்கைச் சுற்றிக் கொண்டுபோய் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தேன்.

பள்ளிகளுக்கு இடையே நடந்த வினாடி வினாவில், பருவங்கள் ஏன் மாறுகின்றன என்ற கேள்வி வந்தது. என் மாணவி ஜோயா எழுந்து, "பூமி சாய்ஞ்சிருக்கு சார், அதான்" என்றாள்.

"தப்பு" என்றார் நடுவர். "வெயில் காலத்துல பூமி சூரியனுக்குக் கிட்ட போவுது. உக்காரு."

நான் மேடை அருகே போய், அவர் சொன்னதுதான் தவறு என்றேன்.

"சின்னப் பசங்களுக்கு இது போதும் மேடம்" என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளைகள் என்றால் பொய் போதுமா?

அடுத்து நடந்ததுதான் தாங்க முடியாதது. ஷூ கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மகளைப் பார்க்க வந்திருந்த ஜோயாவின் அப்பா எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கோங்க சார். கொழந்த தெரியாம சொல்லிடுச்சு."

"நீங்க எதுக்கு பாய் மன்னிப்பு கேக்கறீங்க? உங்க பொண்ணு சொன்னதுதான் சரி" என்று கத்தினேன். அரங்கமே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் நடுவர் மதிப்பெண்ணை மாற்றவில்லை.

வெளியே வந்ததும் ஜோயா கேட்டாள். "மிஸ், பரீட்சைல இன்னா எழுதணும்? அவரு சொன்னதா, நான் சொன்னதா?"

"நீ சொன்னதையே எழுது. யாராவது தப்பு போட்டா நான் வந்து கேக்கறேன்."

கோபப்படாதவர்தான் நல்ல ஆசிரியர் என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.