ஹாரன் இல்லாத வண்டி

மூன்று வருடத்துக்கு முன்பு, காலாண்டு விடுமுறையில், எரியோடு பக்கம் ஒரு காய்ந்த குளத்தில் நடந்தது இது.

அப்போது எனக்கு ஒரே கிறுக்கு. ஞாயிறுதோறும் திண்டுக்கல்லில் ஒரு மெக்கானிக் பட்டறையில் கிடந்து, பழைய பைக் ஒன்றை ‘கஃபே ரேசர்’ ஆக்கினேன். தாழ்ந்த ஹேண்டில்பார், ஒற்றை ஆள் சீட், பார்க்க அந்தக் கால ரேஸ் வண்டி மாதிரி இருக்கும். அழகைக் கெடுக்கிறது என்று கண்ணாடியைக் கழற்றினேன். ஹாரனையும் கழற்றினேன்.

வண்டி முடிந்ததும் என் மனைவி ஓட்டக் கற்றுத்தரச் சொன்னாள். பள்ளி ஆசிரியை, சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஸ்கூட்டரில் பழகலாமே என்றேன். எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வண்டியில்தான் பழகுவேன் என்றாள்.

ஹெல்மெட் மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். சைலன்சரை எங்கே வளைத்தோம், டேங்குக்கு எத்தனை கோட் பெயின்ட், நடுநடுவே கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர். பின்னால் உட்கார சீட் இல்லாததால் கூடவே ஓடினேன். வண்டி கிளம்பியது. கை தட்டினேன். அது நிற்கவில்லை. குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, கரையேறி, அய்யலூர் போகிற ரோட்டுக்கே போய்விட்டது.

பிரேக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பின்னாலேயே ஓடினேன். ஒரு செருப்பு எங்கே விழுந்ததோ தெரியாது. அன்று அய்யலூர் சந்தை. எதிரே ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது.

ஹாரன் இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல் அவளுக்கு இருந்தது. அவள் போட்ட சத்தத்தில் ஆடுகள் இரண்டாகப் பிரிந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ரோட்டோர மணல் குவியலில் வண்டியைச் செருகி நிறுத்தியிருந்தாள். ஒரு கீறல் இல்லை. ஓர் ஆடு அவள் துப்பட்டாவை மென்றுகொண்டிருந்தது.

ஆட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒரு ஹாரன்கூட இல்லாத வண்டியக் குடுத்து பொம்பளப் பிள்ளைய ரோட்டுல விடுவீகளா, அப்பு?”

அவள் முந்திக்கொண்டாள். “பெயின்ட் எத்தனை கோட்டுனு இவருக்கு நல்லாத் தெரியும்ணே. எப்படி நிறுத்துறதுனு மட்டும் சொல்ல மறந்துட்டாரு.”

அவர் சிரித்தார். நான் ஆட்டின் வாயிலிருந்து துப்பட்டாவை இழுத்தேன்.

மறுநாள் ஹாரனும் கண்ணாடியும் மாட்டச் சொன்னதில் மெக்கானிக்குக்குக் கோபம்; ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த பாடத்தை பிரேக்கில் ஆரம்பித்தேன். இப்போது அந்த வண்டி அவள் பள்ளிக்கூடத்தில்தான் நிற்கிறது. நான் ஆபீசுக்கு பஸ்ஸில் போகிறேன்.

இன்றும் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்க வாயெடுத்தால், எனக்குப் பெருமையானதைச் சொல்லப் போகிறேனா, அவருக்கு வேண்டியதைச் சொல்லப் போகிறேனா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.