ஓட்டோடு ஒரு மூட்டை

திண்டிவனத்தில் பேருந்து கிளம்பியதும் தையல்நாயகி அக்கா மடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்வார். பையிலிருந்து அவித்த மல்லாட்டையை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர், அள்ளிப் போட்டு, காயின் மூக்கில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். பருப்பு பக்கத்தில் இருப்பவர் கைக்குப் போகும். ஓடு துண்டிலேயே தங்கும். புதுச்சேரிக்குத் தையல் வேலைக்குப் போகிற நான் பல வருடமாகப் பார்க்கிறேன், யாருக்கும் அவர் முழுக்காயாக நீட்டியதில்லை.

"ஓட்டோட குடுத்தா, வேலைய நீ பாருன்னு சொல்ற மாதிரி இல்ல?" என்பார்.

குள்ளமான உருவம், பெரிய குரல். நடத்துநர் சீனுவாசன் தினமும் வம்பிழுப்பார். "யக்கா, மூட்டைக்கு டிக்கெட்டு?"

"வாங்குறேன். அதுக்கு ஜன்னல் சீட்டு குடுப்பியா?"

பேருந்தே சிரிக்கும். மூட்டைக்கும் சேர்த்துத்தான் காசை நீட்டுவார், ஆனால் பதிலுக்கு ஒரு வம்பு இழுக்காமல் நீட்டமாட்டார்.

ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் கொல்லை நிலம் இருக்கிறது. அதில் விளையும் காயை அவித்து, மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விற்பார். அங்கே கடலுக்குள் பழைய பாலத்தின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றை எனக்குக் காட்டி ஒருநாள் சொன்னார்:

"எங்க பக்கத்து மல்லாட்டை இதுமேலதான் போயி பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறுச்சாம். எல்லாம் உடைச்ச பருப்பு. பொம்பளைங்க ஒக்காந்து கூலிக்கு உடைப்பாங்களாம். மொதல் தரம் உடைச்சித்தான் போவும். ஓட்டோட கெடக்கறது மிச்சம்."

கப்பல் நின்றுபோனதில் அவருக்கு வருத்தமே இல்லை. "கப்பல் வரலன்னா இன்னா? சனிக்கெழமையானா மெட்ராஸ்லேர்ந்து காரு வருதுல்ல. ஒவ்வொரு காரும் ஒரு கப்பலு."

ஆனால் கார்கள் பெருகப் பெருக, கூடை வைக்கும் இடம் சுருங்கியது. கடைகளை அகற்றும் வண்டி வரும்போதெல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முட்டி ஒத்துழைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஓர் ஓட்டலிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு காலத்தில் ஏற்றுமதிச் சரக்கு அடுக்கிய கிடங்கு அது. இப்போது மஞ்சள் சுவரும் மரக்கதவுமாக ஓட்டலாகிவிட்டது. சமையல்கூடத்துக்குப் பொறுப்பான ஆரோக்கியராஜ், "விருந்தாளிங்க வந்து ஒக்காந்ததும் மேசையில அவிச்ச மல்லாட்டை வைக்கணும். மொதல்ல ஒரு மூட்டை கொண்டாங்க. புடிச்சிருந்தா வாராவாரம் எடுத்துக்குறோம்" என்று சொல்லியிருந்தார்.

"இது மட்டும் அமைஞ்சிட்டா நான் ஓட வேணாம் அருணா" என்றார் அக்கா.

அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பாரத்தின் மறுபக்கம் பிடிக்க நானும் போனேன். மூட்டை இல்லை, ஒரு பெரிய குண்டான், வாயில் வெள்ளைத்துணி கட்டியிருந்தது. ஓட்டலின் பின்கட்டில் இறக்கி, அக்கா பெருமையாகத் துணியை அவிழ்த்தார். உள்ளே வெறும் பருப்பு. குடும்பமே உட்கார்ந்து, ஒரு மூட்டைக் காயையும் அவித்து உடைத்திருந்தது. மேசை, விருந்தாளி என்று சொன்ன பிறகு ஓட்டோடு கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை.

ஆரோக்கியராஜ் குனிந்து பார்த்தார். "ஓடு எங்கம்மா?"

"எருக்குழிக்குப் போச்சிங்க."

"அய்யோ. வர்றவங்களுக்கு உடைக்கறதுதாம்மா ஆசையே. பேசிக்கினே உடைப்பாங்க. உடைச்ச பருப்பு அவங்க ஊர்லயே டப்பாவுல கெடைக்குதே. இதுவும் சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போயிடும். இத எடுத்துக்க முடியாது."

அக்கா குண்டானையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்துவிட்டார்.

"காசு குடுத்து ரூம் எடுத்துட்டு வந்து, கூலி வேல பாக்குறாங்களா? எங்க ஊர்ல இதுக்கு நாங்க கூலி குடுக்குறோம்பா!"

அவரும் சிரித்தார். ஆனால் வாரா வாரம் எடுக்கிற பேச்சை எடுக்காமல் உள்ளே திரும்பினார்.

அக்கா கெஞ்சவில்லை. "சாயங்காலம் இங்கதான இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். தெருமுனைக் கடையில் வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சம்பழம் வாங்கினார். அந்த ஓட்டலின் சுவரை ஒட்டி நின்றே நறுக்கிக் கலந்து, காகிதக் கூம்பில் போட்டுக் கொடுத்தார். நான் கூம்பு சுருட்டினேன். அகற்றும் வண்டி வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா பார்க்கவில்லை. "உடைக்கிற வேல இல்ல, வாயத் தெறந்தா போதும்!" என்று கூவினார். கார்க்காரர்கள் நின்று வாங்கினார்கள்.

வெயில் தாழ்ந்ததும் மறுபடி சமையல்கூடத்துக்குப் போனோம். ஆரோக்கியராஜ் முன்னால் அக்கா குண்டானைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு பருப்புகூட விழவில்லை.

"இது வித்துப்போச்சி. உங்களுக்கு நாளைக்கு ஓட்டோட கொண்டாறேன். ஜல்தியா எழுந்து வையுங்க."

அவர் மறுநாள் எழுந்துதான் இருந்தார், மூட்டையையும் எடுத்துக்கொண்டார்.

இப்போது வாரா வாரம் அந்த ஓட்டலுக்கு மண் போகக் கழுவிய காய் மூட்டையாகப் போகிறது. சொந்தக் கொல்லைக் காய் போதாமல், பக்கத்துக் கொல்லைக்காரர்களிடமும் அக்கா வாங்குகிறார். கடற்கரைச் சாலைக்கு அவர் போவதில்லை. பேருந்தில் மட்டும் மாற்றம் இல்லை. மடியில் துண்டை விரித்து, எனக்கு உடைத்துத்தான் தருகிறார்.