சவுரிமுத்து கேட்ட இரண்டாம் பரிசு

சிட்லபாக்கத்தில் மின்சார மீட்டர் பார்க்க வரும் சவுரிமுத்துவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. எங்கள் ஏரிக்கரை மன்றத்தின் பொங்கல் கேரம் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்க வேண்டும். முதல் பரிசு இல்லை, இரண்டாவது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்க மாட்டார்.

"ஏகநாதன் என்னைவிட நல்லா ஆடுறான் சார், ஒத்துக்கிறேன். அவனுக்கு அடுத்தது யாரு? நான்தானே? இன்னா சொல்றீங்க?" என்பார். அது ஊருக்கே தெரிந்த உண்மை.

ஏகநாதன் குரோம்பேட்டையில் தையல் கடை வைத்திருந்த இளைஞன். சிவப்புக் காயான ரெட்டும், அதையடுத்துப் போடவேண்டிய ஃபாலோவும் அவன் சொன்ன குழியில் விழும். எண்பத்து நாலிலிருந்து கோப்பை அவனுடையதுதான். போட்டியோ, ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய போட்டி. யாரோடு யார் என்பதை மன்றச் செயலாளர் வேதாசலம் தீர்மானிப்பார். துண்டுச் சீட்டுகளை மனைவி ஞானாம்பாளின் எவர்சில்வர் சொம்பில் போட்டு, எல்லார் முன்னாலும் குலுக்கி எடுப்பார். அதில் திருட்டுத்தனம் எதுவும் கிடையாது. அதுதான் பேஜார். இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருக்கலாம். சொம்புக்கு என்ன கோபமோ, சவுரிமுத்துவுக்கு முதல் சுற்றிலேயே ஏகநாதன் வந்துவிடுவான். தப்பினால் இரண்டாம் சுற்றில். மனைவி தபீதாள் சமையலை முடித்துவிட்டு ஆட்டம் பார்க்க வரும்போது, இவர் கடைசி வரிசையில் பொட்டுக்கடலை தின்றுகொண்டிருப்பார்.

இரண்டாம் பரிசைத் தொடர்ந்து வாங்கியவர் வங்கியில் வேலை பார்த்த பொன்னுசாமி. ரெட் போட்டால் ஃபாலோ போடத் தெரியாது. இருந்தாலும் ஏகநாதன் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அவர் கண்ணில் படமாட்டான். அந்தக் கோப்பைகளை அவர் தன் வீட்டு மின்சார மீட்டருக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். யூனிட் எழுதப் போகும்போதெல்லாம் சவுரிமுத்து அவற்றைப் பார்த்தாக வேண்டும். மனுஷனுக்கு வயிறு எரியாதா?

வேதாசலம் வீட்டு மீட்டரைப் பார்க்கும்போது, போன வேலையை விட்டுவிட்டு நியாயம் பேசுவார். "ஒரு தபா தோத்தா வெளியன்னா, முதல் ஆளு யாருன்னுதான் சார் தெரியும். ரெண்டாவது ஆளு எங்க மாட்டிகினான்னு எப்படித் தெரியும்? ரெண்டு தபா தோத்தாதான் வெளியன்னு வைங்க." வேதாசலம் தலைமைச் செயலகத்துக்காரர். "பரிசீலிக்கலாம்" என்பார். தொண்ணூறாம் வருஷம் அவருடைய மச்சினர் செங்கல்பட்டிலிருந்து வந்து ஆடி, முதல் சுற்றிலேயே ஏகநாதனிடம் மாட்டி, டிபன்கூடச் சாப்பிடாமல் ரயில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு பரிசீலனை சட்டென்று முடிந்துவிட்டது. மறு பொங்கலுக்குப் புது விதி வந்தது. இரண்டு தடவை தோற்றவர்தான் வெளியே.

சொம்பு வழக்கம்போல முதல் சுற்றிலேயே சவுரிமுத்துவையும் ஏகநாதனையும் மோதவிட்டது. அன்றைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, சவுரிமுத்து ஜெயித்துவிட்டார். ஜெயித்த பிறகும் காய்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரிடமும் தோற்காமல் நேராக இறுதி ஆட்டத்துக்கு வந்தார். பழைய விதியாக இருந்தால் ஏகநாதன் காலையிலேயே கடையைத் திறக்கப் போயிருப்பான். புது விதியால் நின்று, மிச்சப் பேரையெல்லாம் அடித்து, அவனும் இறுதிக்கு வந்து சேர்ந்தான். தபீதாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சிறப்பு விருந்தினர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அவரை ஓர் ஆட்டத்துக்குத்தான் அழைத்திருந்தார்கள். ஏழு மணிக்கு அவருக்குப் பல்லாவரத்தில் ஒரு வரவேற்பு. எங்கள் பக்கத்தில் விதி எத்தனை மாறினாலும், சிறப்பு விருந்தினரை இரண்டு ஆட்டம் உட்காரவைக்கும் தைரியம் யாருக்கும் வராது. அந்த ஓர் ஆட்டத்தில் ஏகநாதன் ஜெயித்தான். மைக்கில் பெயர் வாசித்து, கோப்பையைக் கொடுத்து, மாலை போட்டார்கள்.

சவுரிமுத்து எழுந்து நின்றார். "சார், அவன் ஒண்ணு தோத்துகீறான். நானும் ஒண்ணுதான் தோத்துகீறேன். ரெண்டு தோத்தாதானே வெளிய? இன்னொரு ஆட்டம் கீது சார்."

வேதாசலத்துக்கு முகம் செத்துவிட்டது. விதி எழுதியவர் அவர்தான். "ஃபைனல்னா ஃபைனல்தான் சவுரிமுத்து. அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம்" என்றார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தபடியே இரண்டாம் பரிசைச் சவுரிமுத்து கையில் திணித்துவிட்டுக் காரில் ஏறினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை உதைத்தேன். அது வாடகை நாற்காலி, காலில் வலிதான் மிச்சம்.

"கேட்டது கெடச்சிடுச்சே. மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிகினு கீறீங்க?" என்றாள் தபீதாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் பரிசை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏகநாதன் நல்ல பையன். மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, போர்டில் பவுடர் தூவிக் காய்களை அடுக்கினான். "அண்ணா சொல்றது கரெக்ட். வாண்ணா, அந்த ஆட்டத்த ஆடிடலாம். நீ ஜெயிச்சா இந்தக் கோப்ப உன்னுது" என்றான். கூட்டம் கலையாமல் நின்றது. வேதாசலம்கூடத் தடுக்கவில்லை. சவுரிமுத்து போர்டுக்கு எதிரே போய் உட்கார்ந்து, ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

"வேணாம்பா" என்றார்.

"ஏன் சார்?" என்று நான் கத்தியே விட்டேன்.

"இத்தினி வருஷமா நான் ரெண்டாவதுன்னு நானே சொல்லிகினு திரிஞ்சேன். இன்னிக்குத்தான் சார் ஒருவேளை இல்லியோ, முதல் ஆளே நான்தானோன்னு தோணுது. இப்ப ஆடி இவன் ஜெயிச்சிட்டான்னா, ரெண்டாவதுன்றது நிஜமாயிடும்."

மறு வருஷம், இறுதியில் தேவைப்பட்டால் இன்னோர் ஆட்டம் உண்டு என்று விதியை ஒழுங்காகத் திருத்தி எழுதினார்கள். சவுரிமுத்து பெயர் கொடுக்கவில்லை. ஏகநாதன் தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிடுவான். மணிக்கட்டில் வலி என்பார். அவர் ரிட்டயர் ஆகும்வரை அந்த வலி குணமாகவில்லை.